சென்னைத் துறைமுகத்தின் ஓராண்டு ஓதப் பதிவைப் பகுத்துப் பார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மழையளவையோ பங்கு விலையையோ ஆராய்கிறவர், அந்த எண்களுக்குள் என்னென்ன காலச்சுழற்சிகள் ஒளிந்திருக்கின்றன என்று முதலில் தேட வேண்டும். ஓதப் பதிவை, அதாவது கடலின் ஏற்றவற்றப் பதிவை, ஆராய்கிறவருக்கு அந்தத் தேடல் இல்லை. கடல் என்னென்ன வேகங்களில் ஏறி இறங்கும் என்பதைச் சந்திரனும் சூரியனும் ஏழெட்டுத் தசம இடம்வரை முன்பே தீர்மானித்துவிட்டன. ஒவ்வொரு வேகத்துக்கும் இந்தத் துறைமுகத்தில் எவ்வளவு வீச்சு (சராசரிக்கு மேலே எவ்வளவு ஏறும் என்பது), எவ்வளவு தாமதம் என்ற இரண்டு எண்கள் மட்டுமே நமக்குத் தெரியாதவை. கணக்கு சுலபமாகிவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. எதைத் தேட வேண்டும் என்று தெரிந்திருப்பதால், எங்கே பிழை செய்தோம் என்பதும் தெரிந்துவிடும் என்றுதான் பொருள். இந்த வழிகாட்டியில் பாதி, அப்படிப் பிழைகளைப் பிடிப்பதைப் பற்றியது.

இந்த முறைக்கு இந்தியக் கடற்கரையோடு பழைய உறவு உண்டு. ஓதத்தை வெவ்வேறு வேகமுள்ள சீரான அலைகளாக, அதாவது கூறுகளாக, பிரிப்பதற்கு இசைவுப் பகுப்பாய்வு என்று பெயர். கெல்வின் பிரபு தொடங்கிவைத்த அதை 1883-இல் ஒழுங்குபடுத்தியவர் ஜார்ஜ் டார்வின். பரிணாமக் கொள்கை தந்த டார்வினின் மகன். இந்திய நில அளவைத் துறையில் ஓதப் பணியைக் கவனித்த பெயர்ட் என்ற ராணுவ அதிகாரியும் அவரும் சேர்ந்து, இந்தியத் துறைமுகங்களின் பகுப்பு முடிவுகளை 1885-இல் வெளியிட்டார்கள். அன்று பலர் சேர்ந்து மாதக்கணக்கில் கூட்டிக் கழித்ததை இன்று மடிக்கணினி ஒரு நொடிக்குள் முடித்துவிடுகிறது.

முதல் படி: எண்களைச் சுத்தம் செய்தல்

கையில் மணிக்கு ஒன்றாக ஓராண்டு நீர்மட்டம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லீப் ஆண்டென்றால் 8784 எண்கள். கணக்குக்குப் போகும் முன் மொத்தத்தையும் வரைபடமாகப் போட்டுக் கண்ணால் பாருங்கள். பிறகு ஒவ்வொரு மாதமாகப் பிரித்துப் பாருங்கள். எந்தத் தானியங்கிச் சோதனையும் இதற்கு ஈடாகாது.

பதிவு இல்லாத மணிகளுக்கு 9999 போன்ற ஓர் எண்ணை இட்டு நிரப்பியிருப்பார்கள். அதை நீக்க மறந்தால் கணக்கு வெடித்துவிடும் என்று நினைப்பீர்கள். வெடிக்காது, அதுதான் ஆபத்து. அலகு மில்லிமீட்டர் என்றால் 9999 என்பது பத்து மீட்டர். சராசரி நீர்மட்டம் ஒரு மீட்டர் என்று கொண்டால், ஒரே ஒரு நாளின் 24 மணிகள் இப்படித் தப்பிவிட்டாலும் ஆண்டுச் சராசரி சுமார் 2.5 செ.மீ. உயரும். ஓதக்கூறுகள் ஏறக்குறைய அப்படியே இருக்கும். உலகக் கடல்மட்டம் ஏழெட்டு ஆண்டுகளில் உயரும் அளவு ஒரு நாள் கவனக்குறைவில் உள்ளே நுழைந்துவிடும், யாருக்கும் தெரியாது.

இடைவெளிகளை நிரப்ப வேண்டாம். நாம் பயன்படுத்தப்போகும் மீச்சிறு வர்க்க முறைக்கு (பதிவுக்கும் கணக்குக்கும் உள்ள வித்தியாசங்களின் வர்க்கக் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வரும் விடையைத் தேடுவது) எண்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மூன்று நாள் இடைவெளியை வளைகோடு போட்டு நிரப்பினால், நீங்களே கற்பனை செய்த கடலைத்தான் பகுத்துக்கொண்டிருப்பீர்கள்.

ஓதமானியைப் பழுதுபார்த்து மீண்டும் பொருத்தும்போது ஆதாரமட்டம் (உயரத்தை அளக்கத் தொடங்கும் சுழி மட்டம்) சில சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவது உண்டு. வரைபடத்தில் அது ஒரு படிக்கட்டுபோலத் தெரியும். பராமரிப்புக் குறிப்பேடு கிடைத்தால் அதோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். கிடைக்காவிட்டால் இரு பகுதிகளுக்கும் தனித்தனிச் சராசரி வைத்துக்கொள்ளுங்கள்.

கடிகாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் பட்ட அடி அது. ஒருமுறை என் கைக்கு வந்த கோப்பில் முதல் பாதி இந்திய நேரத்திலும் மறுபாதி உலகப் பொது நேரத்திலும் இருந்தது. தலைப்பில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஐந்தரை மணி நேரத்தில் முதன்மைச் சந்திர ஓதம் 159 பாகை ஓடிவிடும், அதாவது கிட்டத்தட்ட ஏற்றம் வற்றமாக மாறிவிடும். இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். சென்னையின் அளவில் சொன்னால், 33 செ.மீ. இருக்க வேண்டிய வீச்சு 6 செ.மீ. என்று வரும். நாளுக்கு ஒருமுறை வரும் கூறுகள் அவ்வளவு மெலிவதில்லை; ஆகவே அந்தத் துறைமுகத்தின் ஓத வகையே மாறிவிட்டதுபோலத் தோன்றும். இரண்டு நாள் நான் கடலியல் காரணம் தேடிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் படி: வேகங்களை நீங்களே கணக்கிடுதல்

மென்பொருளுக்குள் வேகங்களின் அட்டவணை இருக்கிறது. ஆனாலும் ஒருமுறை கையால் போட்டுப் பார்ப்பது நல்லது. தேவையானவை ஐந்து எண்கள், எல்லாம் மணிக்கு இத்தனை பாகை என்ற கணக்கில்:

பூமியின் சுழற்சியால் சூரியன் நகர்வதாகத் தெரிவது: 15
சந்திரனின் சராசரி நகர்வு: 0.5490165
சூரியனின் சராசரி நகர்வு: 0.0410686
சந்திரனின் அண்மைநிலை நகர்வு: 0.0046418
ராகுவின் நகர்வு, பின்னோக்கி: 0.0022064

ராகு என்று படித்ததும் சிரிக்க வேண்டாம். சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வடக்கு நோக்கிக் கடக்கும் புள்ளிக்குப் பஞ்சாங்கத்தில் அதுதான் பெயர். அது ஒரு சுற்றுச் சுற்றிவர 18.6 ஆண்டுகள் ஆகும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பஞ்சாங்கத்தில் இருப்பது நிராயன ராகு, அதாவது நட்சத்திரங்களை வைத்து அளந்தது. நமக்கு வேண்டியது வசந்த சமஇரவுப் புள்ளியிலிருந்து அளக்கும் சாயன நிலை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான அயனாம்சம் சுமார் 24 பாகையைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

முதன்மைச் சந்திர அரைநாள் ஓதத்துக்கு எம்2 என்று பெயர். அதன் வேகம் 2 × (15 − 0.5490165 + 0.0410686) = 28.9841042. முந்நூற்றறுபதை இதனால் வகுத்தால் 12.42 மணி நேரம். கடற்கரையில் ஏற்றம் நாளுக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் பின்தள்ளிப் போவதன் காரணம் இந்த 0.42-தான்.

சூரியனின் அரைநாள் ஓதம் எஸ்2: 2 × 15 = 30. அதாவது சரியாக 12 மணி. சந்திரன் நெருங்கியும் விலகியும் போவதால் பிறப்பது என்2: 30 − 3 × 0.5490165 + 2 × 0.0410686 + 0.0046418 = 28.4397295. இதேபோலக் கே1 15.0410686, ஓ1 13.9430356, பி1 14.9589314, கே2 30.0821373. பெயரில் உள்ள 1, 2 என்ற எண் நாளுக்கு எத்தனை முறை என்பதைக் குறிக்கிறது. ஆழம் குறைந்த நீரில் எம்2 உருக்குலைவதால் நான்குமுறைக் கூறான எம்4 உண்டாகிறது, வேகம் 57.9682084. ஆர்தர் டூட்சன் 1921-இல் இப்படி ஏறத்தாழ நானூறு கூறுகளைப் பிரித்துக் காட்டினார். அத்தனையும் நமக்குத் தேவையில்லை.

மூன்றாம் படி: எத்தனை கூறுகள் கேட்கலாம்?

இரண்டு வேகங்களைப் பிரித்தறிய, பதிவு எவ்வளவு நீளம் வேண்டும் என்பதற்கு ராலே விதி உண்டு: இரண்டுக்கும் இடையே ஒரு முழுச்சுற்று வித்தியாசம் வரும்வரை காத்திருக்க வேண்டும். எஸ்2, எம்2 வித்தியாசம் மணிக்கு 1.0159 பாகை. 360 ÷ 1.0159 = 354.4 மணி, அதாவது 14.77 நாள். அமாவாசையிலிருந்து பௌர்ணமிவரை ஒரு பக்கம்! பெரிய ஓதமும் அட்டமி வாக்கில் வரும் சிறிய ஓதமும் மாறிமாறி வருவது இந்த இரண்டு கூறுகள் ஒன்றையொன்று துரத்துவதால்தான்.

எம்2, என்2 இரண்டையும் பிரிக்க 27.55 நாள் வேண்டும். கே1-ஐப் பி1-இலிருந்தும், எஸ்2-ஐக் கே2-இலிருந்தும் பிரிக்க 182.6 நாள், அதாவது அரையாண்டு. ஆகவே பதினைந்து நாள் பதிவில் எம்2, எஸ்2, கே1, ஓ1, ஒரு மாதத்தில் அவற்றோடு என்2, அரையாண்டில் மற்றவை. ஓராண்டு இருந்தால் வசதி.

ஒரு மாதப் பதிவு மட்டும் கையில் இருந்தால் என்ன ஆகும்? கே2-இன் வீச்சு எஸ்2-இல் ஏறக்குறைய 0.272 பங்கு. சென்னையில் எஸ்2 சுமார் 14 செ.மீ.; எனவே கே2 நான்கு செ.மீ. அளவில் இருக்கும். அதைப் பிரிக்காமல் விட்டால், எந்த மாதத்தை எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்து எஸ்2 10 முதல் 18 செ.மீ. வரை எதுவாகவும் வரலாம். கடல் மாறவில்லை, நீங்கள் பார்த்த மாதம்தான் மாறியது. இதற்குப் பரிகாரம், அந்த விகிதத்தை முன்கூட்டியே கட்டுப்பாடாகக் கொடுப்பது. பி1-க்கும் அப்படியே, கே1-இல் 0.331 பங்கு. அருகிலுள்ள துறைமுகத்தின் நீண்ட பதிவிலிருந்து விகிதம் கிடைத்தால் இன்னும் நல்லது.

நேராக ஃபூரியே உருமாற்றம் (பதிவைச் சம இடைவெளியுள்ள அலைகளாகப் பிரிக்கும் பொதுவான கணக்கு) செய்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 8784 மணிப் பதிவில் அது 8784-ஐ முழு எண்ணால் வகுத்த காலங்களை மட்டுமே பார்க்கும். எம்2 அந்தக் காலத்தில் 707.21 முறை சுற்றுகிறது. 707-க்கும் 708-க்கும் நடுவே விழுந்து, அதன் ஆற்றல் அக்கம்பக்கத்தில் சிந்திவிடும். முந்தைய தலைமுறையினர் 355 நாள், 369 நாள் என்று விசித்திரமான நீளங்களைத் தேர்ந்தெடுத்ததன் சூட்சுமம் இதுதான்: 24 பக்கங்கள், 25 பக்கங்கள். மீச்சிறு வர்க்க முறையில் இந்தக் கவலை இல்லை.

நான்காம் படி: சமன்பாட்டை அமைத்துத் தீர்த்தல்

நீர்மட்டம் = சராசரி + ஒவ்வொரு கூறுக்கும் [அ × கோசைன்(வேகம் × நேரம்) + ஆ × சைன்(வேகம் × நேரம்)]

வீச்சையும் கட்டத்தையும் (தாமதத்தைக் காட்டும் கோணம்) நேரடியாகத் தேடாமல் அ, ஆ என்று பிரித்துக்கொண்டதால் கணக்கு நேரியலாகிவிட்டது. ஊகித்துத் தொடங்க வேண்டியதில்லை. விடை ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு மணிக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு கூறுக்கும் இரண்டு நிரல்கள், சராசரிக்கு ஒரு நிரல். பல ஆண்டுப் பதிவென்றால் நேர்கோட்டுப் போக்குக்கு இன்னொரு நிரல். பைத்தானிலோ மேட்லேபிலோ இந்த அணியைத் தீர்க்க ஒரே வரி போதும். யூடைட், டி-டைட் போன்ற ஆயத்த நிரல்களும் உள்ளே இதைத்தான் செய்கின்றன. முதல்முறை நீங்களே எழுதிப் பாருங்கள், அடுத்த நாளிலிருந்து ஆயத்த நிரலுக்கு மாறிவிடலாம்.

நேரத்தை மணியில் எண்ணுங்கள். சுழியைப் பதிவின் நடுவில் வையுங்கள். கணக்கு நிலையாக இருக்கும், அடுத்த படியிலும் வசதி.

வீச்சு = √(அ² + ஆ²). கட்டம் = ஆ ÷ அ என்பதன் எதிர்த்தாஞ்சன். இங்கே கால்வட்டத்தைக் கவனிக்காவிட்டால் 180 பாகை தவறிவிடும். கணக்கைக் காட்ட நானே வைத்துக்கொண்ட எண்கள்: எம்2-க்கு அ = −15.5, ஆ = 30 செ.மீ. வீச்சு 33.8. வெறும் எதிர்த்தாஞ்சன் −62.7 பாகை என்று சொல்லும். அ எதிர்மம், ஆ நேர்மம் என்பதால் உண்மைக் கட்டம் 117.3 பாகை. இரண்டு வாதங்களை வாங்கும் எதிர்த்தாஞ்சன் சார்பைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லையே இல்லை.

ஐந்தாம் படி: சந்திரனோடு முடிச்சுப் போடுதல்

இப்போது கிடைத்த 117.3 உங்கள் பதிவின் நடுப்புள்ளியைச் சார்ந்தது. வேறொருவர் வேறு ஆண்டை எடுத்தால் வேறு எண் வரும். அதை வான நிலையோடு கட்டினால்தான் துறைமுகத்தின் நிரந்தர எண்ணாகும்.

நடுப்புள்ளி 2000 ஜனவரி 1, உலகப் பொது நேரம் நண்பகல் என்று கொள்வோம். அந்தக் கணத்தில் சந்திரனின் சராசரித் தீர்க்காம்சம் 218.32, சூரியனுடையது 280.47, ராகு 125.04 பாகை. எம்2-இன் வான வாதம், அதாவது சந்திரசூரியர்களின் நிலை தரும் கோணம், 2 × (280.466 − 218.316) = 124.3 பாகை. நண்பகலில் சூரியனின் பங்கு முழுச்சுற்றாகிவிடுவதால் அது கணக்கில் வரவில்லை.

அடுத்து ராகுவின் திருத்தம். எம்2-க்கு வீச்சுத் திருத்தம் 1 − 0.037 × கோசைன்(ராகு), இங்கே 1.021. கட்டத் திருத்தம் −2.1 × சைன்(ராகு), இங்கே −1.7 பாகை. ஆகவே நிரந்தர வீச்சு 33.8 ÷ 1.021 = 33.1 செ.மீ.; நிரந்தரக் கட்டம் 117.3 + 124.3 − 1.7 = 239.9 பாகை.

இந்த ராகுத் திருத்தத்தை அலட்சியம் செய்கிறவர்கள் நிறைய. எம்2-இல் அது 3.7 விழுக்காடுதான். ஆனால் கே1-இல் 11, ஓ1-இல் 19, கே2-இல் 29 விழுக்காடுவரை போகும். 2015 வாக்கில் எம்2 உச்சத்தில் இருந்தது. 2006-இலும் 2025-இலும் அடிமட்டத்தில். திருத்தம் போடாமல் இந்த ஆண்டுகளை ஒப்பிட்டால், சென்னையின் எம்2 34 செ.மீ.யிலிருந்து 32-க்கு இறங்கிவிட்டதாகத் தோன்றும். துறைமுகம் தூர்வாரியதன் விளைவு என்று அதற்கு ஒரு கட்டுரையே எழுதிவிடலாம்!

ஆறாம் படி: எண்களைப் படித்தல்

சென்னைக்குத் தோராயமாக எம்2 33, எஸ்2 14, என்2 7, கே1 9, ஓ1 3 செ.மீ. இதிலிருந்தே நிறையச் சொல்லிவிடலாம். பெரிய ஓதத்தின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 2 × (33 + 14) = 94 செ.மீ., சிறிய ஓதத்தில் 2 × (33 − 14) = 38 செ.மீ. கே1, ஓ1 கூட்டுத்தொகையை எம்2, எஸ்2 கூட்டுத்தொகையால் வகுத்தால் வடிவ எண் கிடைக்கும். 0.25-க்குக் கீழே என்றால் நாளுக்கு இரண்டு சமமான ஏற்றங்கள். 3-க்கு மேலே என்றால் ஒன்றே ஒன்று. வியட்நாமின் டோசோன் போன்ற இடங்கள் இரண்டாம் வகை. சென்னைக்கு 12 ÷ 47, அதாவது கோட்டின் மேலேயே நிற்கிறது. இங்கே வகைப்பெயரைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்; இரண்டு ஏற்றங்கள், கொஞ்சம் உயர வித்தியாசத்தோடு என்று சொன்னால் போதும்.

பெரிய ஓதம் சரியாகப் பௌர்ணமியன்றே வருவதில்லை. எஸ்2 கட்டத்திலிருந்து எம்2 கட்டத்தைக் கழித்து 1.0159-ஆல் வகுத்தால் எத்தனை மணி தாமதம் என்று தெரியும். வித்தியாசம் 35 பாகை என்றால் ஒன்றரை நாள்.

ஆண்டுக் கூறும் ஒன்று வரும். சென்னையில் கடல் மார்ச், ஏப்ரல் வாக்கில் தாழ்ந்தும் அக்டோபர், நவம்பர் வாக்கில் உயர்ந்தும் இருக்கும். இதை ஓதம் என்று சொல்வது மரியாதைக்குத்தான். பருவக்காற்றும் கரையோர நீரோட்டமும் நீரின் வெப்பமும் உவர்ப்பும் சேர்ந்து செய்யும் வேலை அது. ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் ஒரே ஆண்டின் எண்ணை நம்ப வேண்டாம்.

ஏழாம் படி: எச்சத்தை விசாரித்தல்

பதிவிலிருந்து கணக்கிட்ட ஓதத்தைக் கழியுங்கள். மிஞ்சுவது எச்சம். எல்லாக் குற்றங்களும் இங்கேதான் வந்து சேரும். பகுப்பு நன்றாக வந்ததா என்று பார்க்க வீச்சு அட்டவணையைவிட எச்சத்தின் வரைபடத்தைத்தான் நான் முதலில் திறப்பேன்.

எச்சம் நாள்கணக்கில் மெல்ல ஏறி இறங்கினால் அது வானிலை. காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் ஏறக்குறைய ஒரு செ.மீ. உயரும். காற்றின் தள்ளல் அதற்கு மேல். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்ததுபோன்ற நாள்கள் எச்சத்தில் தனியாகத் துருத்தி நிற்கும். அவற்றைப் பிழை என்று வெட்ட வேண்டாம். ஓதத்தைக் கணிக்கும் கணக்கில் மட்டும் எடை குறைத்துக் கொடுங்கள். மெதுவான மாற்றத்தை மட்டும் பார்க்க வேண்டுமானால் 24, 24, 25 மணி நகரும் சராசரிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போடும் கோடின் வடிகட்டி எளிது.

எச்சத்தில் பன்னிரண்டரை மணி அலை தெரிகிறதா? உடனே கடிகாரத்தைச் சந்தேகியுங்கள். பத்து நிமிடப் பிழை எம்2-இல் 4.8 பாகை, 33 செ.மீ. வீச்சுக்கு 2.8 செ.மீ. அலை மிஞ்சும். எந்த நாளில் அது தொடங்குகிறது, எந்த நாளில் நிற்கிறது என்று பார்த்தால் கடிகாரத்தைத் தொட்ட நாள் தெரிந்துவிடும். சந்தேகம் தீராவிட்டால் ஓராண்டை மாதம் மாதமாகப் பகுத்து எம்2 கட்டத்தை மட்டும் வரிசையாக எழுதுங்கள். சீராக ஒரு திசையில் நகர்ந்தால் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது, அல்லது வேகமாக ஓடுகிறது.

எம்4, அதுபோன்ற ஆறுமுறைக் கூறான எம்6 இரண்டும் திடீரென்று வளர்ந்தால், ஓதமானிக் கிணற்றின் துளையைப் பாசியும் கிளிஞ்சலும் அடைத்திருக்கின்றனவா என்று கேளுங்கள். அதே சமயம் எம்2 வீச்சு குறைந்து கட்டம் பின்தங்கியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

நிமிடக்கணக்கில் நடப்பவற்றை மணிப்பதிவில் தேடாதீர்கள். 2004 டிசம்பர் 26 காலையில் வந்த ஆழிப்பேரலை மணிக்கு ஒரு எண் எடுத்தால் சில தாறுமாறான புள்ளிகளாகத்தான் தெரியும்.

பிழை எல்லைக்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு: எச்சத்தின் திட்டவிலக்கத்தை √(2 ÷ எண்ணிக்கை) என்பதால் பெருக்குவது. பத்து செ.மீ. எச்சத்துக்கும் 8784 எண்களுக்கும் 0.15 செ.மீ. வரும். நம்புவதற்கு இது ரொம்ப அழகான எண். எச்சத்தின் ஆற்றல் எல்லா வேகங்களிலும் சமமாக இருப்பதில்லை. மெதுவான பக்கத்தில் குவிந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு கூறுக்கும் அதன் அக்கம்பக்கத்து வேகங்களில் எவ்வளவு எச்சம் இருக்கிறது என்று நிறமாலையில் (எச்சத்தை வேகவாரியாகப் பிரித்துக் காட்டும் வரைபடம்) பார்த்துப் பிழை சொல்லுங்கள். வீச்சு அந்தப் பிழையைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இல்லாத கூறுகளைத் தூக்கி எறிந்துவிடலாம்.

எட்டாம் படி: பார்க்காத மாதத்தில் சோதித்தல்

கணக்கில் சேர்க்காத அடுத்த ஆண்டிலிருந்து ஒரு மாதத்தை எடுத்து, அந்த மாதத்துக்குரிய ராகுத் திருத்தத்தோடு ஓதத்தைக் கணித்துப் பதிவோடு ஒப்பிடுங்கள். ஏற்றத்தின் நேரம் ஐந்து, பத்து நிமிடத்துக்குள் பொருந்த வேண்டும். உயரம் முழுவதும் ஒரே அளவு மேலேயோ கீழேயோ இருந்தால் கவலையில்லை. பருவமும் ஆதாரமட்டமும் செய்யும் வேலை அது. நேரம் தவறினால்தான் திரும்பவும் முதல் படிக்குப் போக வேண்டும்.

பொருந்திவிட்டால் வீச்சையும் கட்டத்தையும் கோப்பில் எழுதிவையுங்கள். கூடவே நான்கு வரிகள்: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரையிலான பதிவு, எந்த ஆதாரமட்டம், ராகுத் திருத்தம் செய்ததா இல்லையா, கட்டம் எந்த நேரக் கணக்கில். நான்காவது வரியைக் கொட்டை எழுத்தில் எழுதுங்கள்.